பயனர் தவறு என்று எழுதாதீர்கள்

நம் இணையக் குழுவுக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பி தங்கைகளுக்கு உற்சாகமூட்டும்படி நாலு வார்த்தை எழுதச் சொன்னார்கள். உற்சாகம் என்னிடம் கைவசம் இல்லை. கோபம் இருக்கிறது. பழைய சரக்கு, ஆனால் கெட்டுப்போகவில்லை. அதைத்தான் தர முடியும்.

நான் செஞ்சியில் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் டிவி, டெக், பிளேயர் பழுது பார்க்கும் கடை வைத்திருந்தவன். ஓய்வு பெற்றுவிட்டதாக வெளியில் சொல்லிக்கொள்கிறேன். உண்மையில் தொழில்தான் என்னிடமிருந்து ஓய்வு பெற்றது. வாடிக்கையாளர்கள் குறையக் குறையக் கடையில் உட்கார்ந்து புத்தகம் படிக்கும் நேரம் கூடியது. கடையை மூடிய வருடத்தில் செஞ்சி வட்டத்திலேயே அதிகம் படித்த மெக்கானிக் நானாகத்தான் இருந்திருப்பேன். அந்தப் பட்டத்துக்குப் போட்டியும் இருக்கவில்லை. இப்போது அந்த இடத்தில் செல்போன் உறை விற்கிறார்கள். நல்ல வியாபாரம். நம் குழுவிலிருந்தும் இந்த மாதத்தோடு விலகுகிறேன். இங்கே சம்பளம் கிடையாது, ஆகவே ஓய்வூதியமும் கிடையாது. போகும்போது பேச மட்டும் விடுகிறார்கள்.

நாம் என்ன செய்கிறோம் என்று உங்கள் வீட்டில் கேட்டால் திணறுவீர்கள். என் மனைவி பல வருடம் அக்கம்பக்கத்தில் "இன்னாவோ சிடி ஆராய்ச்சியாம்" என்றுதான் சொல்லிவந்தாள். நான் சொல்லும் விளக்கம் இது. படம் போட்ட டிஸ்க்கை விற்கிறவர்கள் அதைப் பூட்டி விற்கிறார்கள். அதை ஓடவைக்கும் பிளேயர் மென்பொருள் ஒவ்வொன்றுக்கும் ஒரு சாவி உண்டு. எங்கோ எவனோ ஒரு பிளேயரின் சாவியைத் திருடிவிட்டால், 'இந்தச் சாவி இனிமேல் செல்லாது' என்று ஒரு தடைப்பட்டியலை அடுத்து வெளிவரும் டிஸ்க்குகளில் எழுதி அனுப்புகிறார்கள். அதுவரைகூடப் பொறுத்துக்கொள்ளலாம். அடுத்ததுதான் அயோக்கியத்தனம். அந்தப் புது டிஸ்க்கை நீங்கள் கணினியில் போட்டதும், டிஸ்க்கைப் படிக்கும் டிரைவ் அந்தத் தடைப்பட்டியலைத் தன் நினைவில் எழுதிக்கொள்கிறது. நிரந்தரமாக. டிஸ்க்கை வெளியே எடுத்தாலும் அது அழியாது. அன்றிலிருந்து உங்கள் பழைய பிளேயரை டிரைவ் கிட்டே சேர்க்காது. நீங்கள் காசு கொடுத்து வாங்கி நேற்றுவரை பார்த்துக்கொண்டிருந்த பழைய டிஸ்க்குகளும் ஓடாது.

திண்டிவனத்தில் ஒருவன் வீட்டில் திருட்டுப்போனது, அதனால் அதே கம்பெனிப் பூட்டு வைத்திருக்கும் செஞ்சிக்காரன் இனித் தன் வீட்டுக்குள் போகக் கூடாது என்பது மாதிரி. எங்கள் ஊர்க் கோட்டையை எத்தனையோ பேர் பிடித்திருக்கிறார்கள். பிடித்தவர்கள் எல்லோரும் கோட்டைக் கதவின் பூட்டை மாற்றியிருப்பார்கள். ஊர்க்காரன் வீட்டுச் சாவியைச் செல்லாததாக்கும் யோசனை அவர்கள் ஒருவருக்கும் வரவில்லை. அவர்கள் வெறும் படையெடுப்பாளர்கள். சட்டப் பிரிவு வைத்திருக்கவில்லை.

எந்த டிஸ்க்கில் எந்தத் தடைப்பட்டியல் வருகிறது, அதை விழுங்கிய டிரைவ் எந்தப் பிளேயரை மறுக்கிறது என்று பார்த்துக் குறித்துவைப்பதுதான் நம் வேலை. பூட்டை உடைப்பதில்லை. பூட்டு யாரையெல்லாம் வெளியே நிறுத்துகிறது என்று கணக்கெடுக்கிறோம். அதற்காக நம்மில் ஒரு வழக்கம் உண்டு, இந்நேரம் உங்களுக்கும் சொல்லியிருப்பார்கள்: விரத டிரைவ். ஆளுக்கு ஒரு டிரைவைப் புது டிஸ்க் எதுவும் காட்டாமல் சுத்தமாக வைத்திருப்பது. அது எதையும் விழுங்காதவரைக்கும்தான் மற்றவற்றை அதோடு ஒப்பிட்டுப் பார்க்க முடியும். ஒரே ஒரு தவறான டிஸ்க் போதும், விரதம் போய்விடும், திரும்ப வராது. என்னுடையதை மஞ்சள் துணியில் சுற்றி பீரோவில் வைத்திருந்தேன். ஆயுத பூஜைக்கு என் மனைவி அதற்கும் குங்குமம் வைப்பாள். "எனக்கு சனிக்கெழம மட்டும் விரதம். இதுக்கு வருஷம் பூரா" என்பாள். அதில் என்மேல் ஒரு குத்து இருந்தது. எனக்கு எந்தக் கிழமையும் கிடையாது.

இனி விஷயத்துக்கு வருகிறேன்.

கடையை மூடுவதற்கு முந்தைய வருடம். செஞ்சிக்கு வெளியே, காது கேளாத பிள்ளைகளுக்கான தனியார் பள்ளி ஒன்று. அதன் தாளாளர் போன் செய்தார். ஊரில் செல்வாக்கான மனிதர். ஒரு பையில் இரண்டு போன் வைத்திருப்பார், இரண்டும் அடித்துக்கொண்டே இருக்கும்.

"மெக்கானிக்கு, ஸ்கூல்ல படம் போடற கம்ப்யூட்டரு போச்சு. வந்து பாத்துட்டு, டீச்சர் தப்பா கை வெச்சதால போச்சுன்னு ஒரு லெட்டரு எழுதிக் குடு."

"பாக்கறதுக்கு முன்னாடியே இன்னா எழுதணும்னு சொல்லிட்டீங்களே சார்."

"நீ பாக்கறதுக்கு இன்னா இருக்குது. நாந்தான் பாத்துட்டேனே."

போனேன். வகுப்பறையில் மஞ்சுளா நின்றிருந்தாள். சிங்கவரத்துப் பெண், முப்பது வயது இருக்கும். அவள் தம்பிக்குக் காது கேட்காது. அவனுக்காகச் சைகை மொழி கற்றுக்கொண்டவள், அதையே படிப்பாக முறையாகப் படித்து, அந்தப் பள்ளியில் ஒப்பந்த ஆசிரியையாக இருந்தாள். ஒப்பந்தம் என்றால் அந்தப் பள்ளியில் ஒரே ஒரு பொருள்தான். தாளாளர் வரவேண்டாம் என்றால் வரக் கூடாது.

யாரோ நன்கொடையாகக் கொடுத்த டிஸ்க்குகள் பள்ளியில் ஒரு வரிசை இருந்தன. யானை, திமிங்கிலம், பாலைவனம் என்று. கீழே தமிழ் எழுத்து பெரிதாக ஓடும். மஞ்சுளா அதை நிறுத்தி நிறுத்தி, திரையில் இருக்கும் சொல்லுக்குச் சைகை காட்டி, சைகைக்குச் சொல் காட்டிப் பாடம் நடத்துவாள். அந்தப் பிள்ளைகள் எழுத்துக்கூட்டிப் படித்ததே யானையை வைத்துத்தான்.

முந்தைய நாள் பள்ளிக்கு வெளியூர் விருந்தாளிகள் வந்திருக்கிறார்கள். தாளாளர் சென்னையிலிருந்து புதுப் பட டிஸ்க் ஒன்று வாங்கி வந்து, விருந்தாளிகளை உட்காரவைத்து, போடச் சொல்லியிருக்கிறார்.

"சிடியதாண்ணா போட்டேன். வேற ஒண்ணுமே பண்ணல" என்றாள் மஞ்சுளா. "ஓடல. அப்டேட் பண்ணுன்னு காட்டுச்சு. சரின்னு எடுத்துட்டு யானைய போட்டேன். அதுவும் ஓடல. எதுவுமே ஓடல. எல்லார் முன்னாடியும், நீ கை வெச்ச, போச்சுன்னாரு."

"திட்டினாரா?"

"திட்டினா பரவால்லண்ணா. பசங்க பக்கம் திரும்பி, என்னக் கை காட்டி, ரெண்டு கையாலயும் குச்சிய ஒடைக்கிற மாதிரி ஒடச்சுக் காட்டினாரு. இத்தினி வருஷமா ஸ்கூலு நடத்துறாரு, ஒரு புள்ளயப் பாத்து சாப்டியான்னு கேக்கக் கை தூக்கினதில்ல. மொத மொதல்ல பேசினது இதான்."

திங்கட்கிழமைக்குள், 'மெஷினை நான்தான் பழுதாக்கினேன்' என்று அவள் கைப்பட எழுதித் தர வேண்டும், இல்லையென்றால் வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார். எழுதிக் கொடுத்தால் அந்தக் காகிதம் அவளுக்கு முன்னே எல்லாப் பள்ளிக்கும் போய்ச் சேரும். அதைவிட வேறொன்று அவளை அரித்துக்கொண்டிருந்தது. "நேத்துலேர்ந்து ரெண்டு மூணு புள்ளைங்க என் மொகத்தையே பாக்க மாட்டேங்குதுங்க" என்றாள். நமக்கு ஒருவர் முகத்தைத் திருப்பிக்கொண்டால் கோபம் என்று பொருள். காது கேளாத பிள்ளை முகத்தைத் திருப்பிக்கொண்டால், உன் பேச்சு எனக்கு வேண்டாம் என்று கதவைச் சாத்திவிட்டது.

மெஷினைப் பார்த்தேன். ஒரு பழுதும் இல்லை. லென்ஸ் சுத்தம், மோட்டார் சுற்றுகிறது, பாட்டு சிடி போட்டால் பாடுகிறது. பிளேயர் மென்பொருள் மட்டும் 'புதுப்பிக்கவும்' என்றது. எங்கே போய்ப் புதுப்பிப்பது? அதைத் தயாரித்த கம்பெனியே கடையைக் கட்டிவிட்டுப் போய்ச்சேர்ந்திருந்தது. அதில் மட்டும் எனக்கும் அவர்களுக்கும் ஓர் ஒற்றுமை. தாளாளர் வாங்கிவந்த புது டிஸ்க்கில் தடைப்பட்டியல் இருந்திருக்கிறது, டிரைவ் விழுங்கிவிட்டது. கதை முடிந்தது.

தாளாளரிடம் போய்ச் சொன்னேன். மெஷின் நன்றாக இருக்கிறது சார், நீங்கள் வாங்கிவந்த டிஸ்க்தான் அதைப் பூட்டிவிட்டது என்றேன்.

"சிடி போயி மெஷின பூட்டுமா?"

"பூட்டும் சார்."

"அப்ப வெளிய எடுத்துட்டா தொறக்கும்."

"தொறக்காது சார். அது ஞாபகம் வெச்சுக்கும்."

"சிடி வந்தது, பூட்டுச்சு, போயிடுச்சு, மெஷினு அத நெனச்சுக்கினே இருக்குது. இன்னா, காதல் கதையா சொல்ற? அந்தப் பொண்ணு உனக்கு இன்னா சொந்தம்?"

அந்த இடத்தில்தான் எனக்கு உறைத்தது. உண்மையைச் சொன்னால் புளுகு மாதிரி இருக்கிறது, புளுகைச் சொன்னால் உண்மை மாதிரி இருக்கிறது. இந்தப் பூட்டைச் செய்தவர்களின் சாமர்த்தியமே அங்கேதான் இருக்கிறது. பூட்டுகிற கை கண்ணில் படாது. கடைசியாக மெஷினைத் தொட்டவர் யாரோ அவர்தான் படுவார். கடைசியாகத் தொடுபவர் என்றைக்கும் தாளாளராக இருப்பதில்லை.

புதியவர்கள் இந்த இடத்தைக் கொஞ்சம் நின்று பாருங்கள். என் கையில் ஒரு சுலபமான வழி இருந்தது. செல்லும் சாவியோடு வேறு ஒரு பிளேயர் மென்பொருளை வாங்கிப் போட்டால் எல்லா டிஸ்க்கும் ஓடும். அரை மணி நேர வேலை. இத்தனை வருடம் நான் சோறு தின்றதே அப்படிப்பட்ட அரை மணி நேரங்களில்தான். ஆனால் அதைச் செய்தால் என்ன ஆகும்? 'மெக்கானிக் வந்தான், சரிசெய்தான். சரிசெய்தான் என்றால் உடைந்திருந்தது. உடைந்திருந்தது என்றால் அவள்தான் உடைத்தாள்.' சரிசெய்வதே அவளுக்கு எதிரான சாட்சியாகிவிடும். ரிப்பேர்க்காரனின் கை துறுதுறுக்கும்போது அதைக் கட்டிப்போட வேண்டிய நேரமும் உண்டு. அன்றைக்கு ஸ்க்ரூடிரைவரைப் பையில் போட்டுக்கொண்டு, திங்கட்கிழமை காலை வருகிறேன் சார், அதுவரை ஒன்றும் எழுதி வாங்காதீர்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

"லெட்டரு?" என்றார்.

"அதையும் அன்னிக்கே பாத்துக்கலாம் சார்."

வீட்டுக்கு வந்து நம் குழுவில் எழுதினேன். நடந்ததை எல்லாம் எழுதி, ஒரு பெண்ணின் வேலை போகப்போகிறது, எப்படி நிரூபிக்கலாம் என்று கேட்டேன். முதல் பதில் நம் கோயம்புத்தூர் நண்பரிடமிருந்து வந்தது. நல்லவர், அறிவாளி, இன்றைக்கும் குழுவில் இருக்கிறார், இதைப் படித்துக்கொண்டிருப்பார். அவர் எழுதியது: "பதிப்பைப் பார்க்காமல் டிஸ்க்கைப் போட்டாரா? பயனர் தவறு."

அடுத்த ஆள், அந்த டிஸ்க்கில் உள்ள தடைப்பட்டியல் எந்தப் பதிப்பு என்று கேட்டார். சொன்னேன். நம்மிடம் இல்லாத புதுப் பதிப்பு. அவ்வளவுதான், கைதட்டும் படங்களாக வந்து விழுந்தன. ஒருத்தியின் வேலை போகிறது என்று நான் எழுதியதற்குக் கீழே, வரிசையாக மஞ்சள் கைகள் தட்டிக்கொண்டிருந்தன.

எனக்குக் கோபம் வந்தால் ஒரு குறை உண்டு. சந்திப்பிழை பார்த்துத்தான் வரும். பதிலை எழுதி, திருத்தி, ஒரு கால்புள்ளியை எடுத்து, மறுபடி வைத்து அனுப்புவதற்குள் எதிரி சாப்பிட்டுவிட்டு வந்துவிடுவான். இருந்தாலும் அன்றைக்கு எழுதினேன். "அந்தப் பெண் யானைப் படம் போட்டுப் பாடம் நடத்தியவள். டிஸ்க்கைப் போடுவதற்கு முன் அதன் பதிப்பைப் பார்க்க வேண்டும் என்பது உலகத்தில் நம்மைத் தவிர ஒருவருக்கும் தெரியாது. உறையில் எழுதியிருக்கிறதா? கடைக்காரர் சொன்னாரா? தாளாளர் அவள்மேல் பழிபோட்டார், அவருக்கு விவரம் தெரியாது. நமக்கு எல்லா விவரமும் தெரியும், நாமும் அவள்மேல்தான் போடுகிறோம். அவராவது தேவலாம்."

பிறகு என் யோசனையைச் சொன்னேன். நிரூபிக்க ஒரே வழிதான். தாளாளரின் கண் முன்னால், ஓடிக்கொண்டிருக்கும் ஒரு டிரைவைப் பூட்டிக் காட்ட வேண்டும். அதற்கு இதுவரை ஒன்றையும் விழுங்காத டிரைவ் வேண்டும். கடையில் கிடந்த மற்றவை எல்லாம் ஏற்கெனவே விழுங்கியவை. இருந்தது பீரோவில் இருந்த ஒன்றுதான்.

அதற்குத்தான் பெரிய எதிர்ப்பு. அந்த ரகத்தில் குழு முழுவதற்கும் மிச்சமிருந்த ஒரே விரத டிரைவ் அது. அதைக் கொண்டு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டிய வேலை பாக்கி இருந்தது. அது போனால் அந்த ரகத்தைப் பற்றி நமக்கு இனி ஒருபோதும் உறுதியாகத் தெரியவராது. கோயம்புத்தூர் நண்பர், "ஓர் ஆளுக்காக எல்லோருக்குமான அறிவை அழிப்பீர்களா?" என்று கேட்டார். கேள்வி நியாயமானது, அதனால் எனக்குக் கோபம் இன்னும் கூடியது. அநியாயமான கேள்விக்குப் பதில் சொல்வது எப்போதும் எளிது.

நம் குழுவைத் தொடங்கியவரைப் பற்றி உங்களுக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள். அவர் இப்போது இல்லை. இருந்தபோதும் இருப்பதாகத் தெரியாது. பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு புள்ளி மட்டும் வைத்திருப்பார். ஆணா பெண்ணா, மதுரையா மலேசியாவா, ஒன்றும் தெரியாது. நான் வேலை கற்றது அந்தப் புள்ளியிடம்தான். எதையும் நேராகச் சொல்லித்தர மாட்டார். நாம் எழுதியதில் தவறு இருந்தால் அந்த வரியை மட்டும் எடுத்துத் திரும்ப அனுப்புவார். நாமே கண்டுபிடிக்க வேண்டும். சண்டையில் தலையிடும் வழக்கம் அவருக்கு இல்லை. அன்றைக்குத் தலையிட்டார். எழுதியது இரண்டே வரி.

"விரதம் இருப்பது பீரோவுக்காக அல்ல. பூட்டு யாரை வெளியே நிறுத்துகிறது என்று பார்க்கத்தான் உட்கார்ந்திருக்கிறோம், நிற்பவர் வந்துவிட்டார்."

சிறிது நேரம் கழித்துக் கோயம்புத்தூர் நண்பர் எனக்குத் தனியாக ஒரு செய்தி அனுப்பினார். "புது டிஸ்க்கை நீங்கள் போடாதீர்கள். தாளாளர் கையால் போடவையுங்கள்." அறிவாளி என்று முன்பே சொன்னேன்.

திங்கட்கிழமை மஞ்சள் துணியோடு பள்ளிக்குப் போனேன். தாளாளர் அறைக்கு அழைத்தார். வகுப்பறையில்தான் காட்டுவேன் என்று நின்றுவிட்டேன். "இன்னா, சர்க்கஸா காட்டப்போற?" என்று முணுமுணுத்துக்கொண்டே வந்தார். பிள்ளைகள் உட்கார்ந்திருந்தார்கள். மஞ்சுளா சுவரோரம் நின்றாள். அவளைப் பிள்ளைகளுக்கு முன்னால் நிற்க விடவில்லை.

என் மடிக்கணினியில் பள்ளியில் இருந்த அதே பழைய பிளேயர் மென்பொருள் இருந்தது. அதில் விரத டிரைவை இணைத்து, யானை டிஸ்க்கைப் போட்டேன். யானை வந்தது. பிள்ளைகள் துள்ளினார்கள். தாளாளர், "ஓடுதே. அப்ப மெஷின மாத்திட்டா சரி" என்று கிளம்பப் பார்த்தார்.

"இருங்க சார். இப்ப நீங்க வாங்கியாந்த சிடிய போடுங்க."

"நீயே போடேன்."

"இல்ல சார். உங்க கையால."

போட்டார். ஓடவில்லை. புதுப்பிக்கவும் என்றது.

"எடுத்துட்டு யானைய போடுங்க சார்."

யானையைப் போட்டார். வரவில்லை. மறுபடி எடுத்துத் துடைத்துப் போட்டார். வரவில்லை. திருப்பிப் பார்த்தார், ஊதினார், போட்டார். சற்று முன்பு பிள்ளைகள் பார்த்துத் துள்ளிய யானை அதற்குள்தான் இருந்தது. வராது. இனி அந்த டிரைவில் அந்தப் பிளேயருக்கு எந்தக் காலத்திலும் வராது. இத்தனை வருடம் துணியில் சுற்றி வைத்திருந்ததை ஒரு நிமிடத்தில் அவர் முடித்துவைத்தார். எனக்குப் பெருமூச்சு விடக்கூட நேரம் இல்லை.

"சார், ஒடச்சிட்டீங்களே" என்றேன்.

"நா எங்கப்பா ஒடச்சேன்? சிடியதான போட்டேன். வேற ஒண்ணுமே பண்ணலயே" என்றார்.

சுவரோரத்திலிருந்து மஞ்சுளா, குரலை உயர்த்தாமல், "அதேதான் சார் நானும் சொன்னேன்" என்றாள்.

தாளாளருக்கு விவரம் புரிய அதற்குமேல் நேரம் ஆகவில்லை. முகம் கறுத்தது. ஆனால் இப்படிப்பட்டவர்கள் தோற்கும்போதும் தானம் கொடுப்பது மாதிரிதான் தோற்பார்கள். "சரிம்மா. போனது போவட்டும். எழுதியெல்லாம் குடுக்க வேணாம். வேலையப் பாரு" என்று சொல்லிவிட்டுக் கதவுப் பக்கம் திரும்பினார். நானும், விட்டதடா சனி என்று டிரைவைச் சுற்றத் தொடங்கினேன்.

மஞ்சுளா நகரவில்லை. "பசங்ககிட்ட சொல்லிட்டுப் போங்க சார்."

"எதுக்கு? நீயே சொல்லிக்க."

"நா சொன்னா, தப்பு பண்ணது தப்பிச்சுக்குதுன்னு நெனைக்கும். ஒடச்சேன்னு சொன்னது நீங்க. இல்லன்னும் நீங்கதான் சொல்லணும்."

"எனக்கு உங்க பாஷ தெரியாதும்மா."

"அன்னிக்குத் தெரிஞ்சுதே சார்."

தாளாளர் என்னைப் பார்த்தார். நான் டிரைவைப் பார்த்துக்கொண்டேன். அவர் பையில் இருந்த போன் ஒன்று அடித்தது, எடுக்கவில்லை. மஞ்சுளா அவர் பக்கத்தில் போய் நின்று, மெதுவாகக் காட்டிக்கொடுத்தாள். இவள். உடைக்கவில்லை. அவர் கையைத் தூக்கினார். மைக் பிடித்தே பழகிய கை, என்ன செய்வதென்று தெரியாமல் அந்தரத்தில் நின்றது. முதல் தடவை தவறாகக் காட்டினார் போலிருக்கிறது, பிள்ளைகள் முகத்தைச் சுளித்தார்கள். இரண்டாவது தடவை சரியாக வந்தது. முன்வரிசையில் ஒரு பிள்ளை, பிறகு இன்னொன்று, மஞ்சுளா பக்கம் முகத்தைத் திருப்பினார்கள்.

இதைச் சொல்லும்போது எனக்குத் திருப்தியாக இருக்கிறது என்று நினைத்துவிடாதீர்கள். பிறகு நான் வேறு பிளேயர் மென்பொருள் போட்டுக்கொடுத்தேன், பள்ளி மெஷின் ஓடியது. அந்தச் சாவியும் ஒருநாள் ரத்தாகும். அப்போது அந்த அறையில் நிற்கப்போவது மஞ்சுளாவோ, வேறு ஒருத்தியோ. செஞ்சியில் ஒருத்திக்காகச் செலவழிக்க என்னிடம் ஒரு விரத டிரைவ் இருந்தது. சீயமங்கலத்தில் ஒருத்திக்கு யார் செலவழிப்பார்கள்? விற்றவர்கள் மன்னிப்புக் கேட்கவில்லை. அப்படி ஒன்று நடந்ததே அவர்களுக்குத் தெரியாது. தெரியாமல் இருக்கும்படிதான் செய்து வைத்திருக்கிறார்கள். ஆகவே, யாராவது குழுவுக்கு வந்து என் படம் ஓடவில்லை என்று எழுதினால், பதிப்பு எது என்று பிறகு கேளுங்கள். யார்மேல் பழி விழுந்திருக்கிறது என்று முதலில் கேளுங்கள். பயனர் தவறு என்று எழுத விரல் போனால், விரலை மடக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

அன்றைக்கு நான் கிளம்பும்போது, முன்வரிசையில் இருந்த ஒரு சிறுமி எழுந்து கையால் ஏதோ கேட்டாள். தாளாளர் இன்னும் வாசலில்தான் நின்றிருந்தார்.

"இன்னா கேக்குது?" என்றார்.

"மிஸ் ஒடைக்கலன்னா, யாரு ஒடச்சதுன்னு கேக்குறா சார்" என்றாள் மஞ்சுளா.

அவர் என்னைக் கைகாட்டினார். நீ சொல் என்று. செஞ்சி வட்டத்திலேயே அதிகம் படித்த மெக்கானிக், பத்து வயதுப் பிள்ளைக்குத் தேடிப் பிடித்தது ஒரே ஒரு வாக்கியம். "வித்தவங்கதான்னு சொல்லும்மா" என்றேன். மஞ்சுளா சொன்னாள். சிறுமி உடனே திருப்பிக் கேட்டாள்.

"வித்துட்டு ஏன் ஒடச்சாங்களாம்?"

"நம்ம திருடிருவோம்னு பயந்துட்டாங்கன்னு சொல்லு."

மஞ்சுளா சற்றுத் தயங்கினாள். பிறகு அதையும் கையால் சொன்னாள். சிறுமி தன் வகுப்பை ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். அப்புறம் மஞ்சுளாவிடம் இரண்டே அசைவில் ஏதோ சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டாள். என்ன சொல்கிறாள் என்று கேட்டேன்.

"அவங்களுக்கு நம்மளத் தெரியுமான்னு கேக்குறாண்ணா."